ஒன்றாம் விசையில் மஞ்சள்

அமெரிக்காவில் எங்கோ எழும்பப்போகும் கட்டடத்தின் இரும்பு உத்தரங்களுக்கு ஷாப் டிராயிங் போடும் வேலை, சென்னையிலும் கோவையிலும் பல அலுவலகங்களுக்குச் சோறு போடுகிறது. அந்த அலுவலகங்களில் செக்கர் என்று ஒருவர் இருப்பார். டீட்டெய்லர் வரைந்து முடித்த தாளை வடிவமைப்புப் படத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு அளவையும் ஒவ்வொரு போல்ட்டையும் ஒவ்வொரு வெல்டையும் பார்ப்பது அவர் வேலை. சரியென்றால் மஞ்சள் பூசுவார். பிழையென்றால் சிவப்பில் எழுதுவார். மஞ்சளும் படாமல் சிவப்பும் படாமல் ஓர் எண் தப்பி நின்றால், அந்தத் தாள் இன்னும் செக் ஆகவில்லை என்று பொருள். காகிதத்தில் ஹைலைட்டரும் பேனாவும் செய்த அதே வேலையை இப்போது பி.டி.எஃப். மேல் செய்கிறோம். அதற்குப் பெரும்பாலும் கையில் தரப்படுவது புளூபீம் ரெவ்யூ.

ரெவ்யூவில் இல்லாத வசதி இல்லை. ஒரே கோப்பில் பல ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் மார்க்கப் போடலாம், இரண்டு ரிவிஷன்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிடலாம், பரப்பளவு அளக்கலாம். அதையெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. நாள் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் போடுகிறவருக்கு முக்கியம் ஒன்றுதான்: நினைத்த குறி எவ்வளவு சீக்கிரம் தாளில் விழுகிறது. ஆகவே ஷார்ட்கட் விசைகளும், நாமே செய்து வைத்துக்கொள்ளும் கருவிகளும் மட்டும்தான் இந்த விமர்சனத்தில்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெவ்யூவின் எழுத்து ஷார்ட்கட்கள் நல்லவை. ஆனால் அவற்றை மனப்பாடம் செய்துவிட்டு வேகம் வந்துவிட்டதாக நினைக்கிறவர்கள் பாதி வழியில் நிற்கிறார்கள். மீதிப் பாதி, நாமே செய்த கருவிகளைச் சேர்த்து வைக்கும் டூல் செஸ்டில் இருக்கிறது. அதைத் திறந்தே பார்க்காதவர்கள் அலுவலகத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

கொஞ்சம் பின்னணி. புளூபீம் 2002இல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் தொடங்கப்பட்ட நிறுவனம். 2014இல் ஜெர்மனியின் நெமெட்செக் குழுமம் அதை வாங்கியது. ஒருமுறை பணம் கட்டி வாங்கி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் வந்த ரெவ்யூ 21இலிருந்து மாறி, இப்போது ஆண்டுச் சந்தாதான். பேசிக்ஸ், கோர், கம்ப்ளீட் என்று படிகள். விண்டோஸில்தான் ஓடும், மேக் பதிப்பு ஒன்று இருந்தது, அதைக் கைவிட்டுவிட்டார்கள். நாம் போடும் மார்க்கப்கள் பி.டி.எஃப்.பில் தாளின் படத்தோடு கலப்பதில்லை. அனொட்டேஷன் என்ற தனி அடுக்காக மேலே உட்காருகின்றன. அதனால்தான் ரெவ்யூவில் போட்டதை அக்ரோபேட்டில் திறந்தாலும் பார்க்க முடிகிறது. ஃபிளாட்டன் செய்தால்தான் தாளோடு ஒட்டும்.

இனி வேகக் கணக்கு. கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கார்டும் தாமஸ் மோரனும், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆலன் நியூவெல்லும் 1980இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கணினியில் பழகிய கை ஒரு வேலையைச் செய்ய எத்தனை நொடி ஆகும் என்பதைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்துக் கூட்டிச் சொல்லும் முறை அது. ஒரு விசையைத் தட்ட சுமார் 0.2 நொடி. மவுஸை ஓரிடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்த 1.1 நொடி. கை மவுஸிலிருந்து கீபோர்டுக்கோ கீபோர்டிலிருந்து மவுஸுக்கோ தாவ 0.4 நொடி. அடுத்து என்ன செய்வது என்று மனம் ஒரு கணம் தயங்குவதற்கு 1.35 நொடி. நாற்பது ஆண்டு தாண்டியும் ஓர் உத்தேசக் கணக்குக்கு இந்த எண்கள் போதும்.

ஒரு கால்அவுட், அதாவது அம்புக்கோடு நீட்டிய குறிப்புப் பெட்டி, போடுவோம். 'வெரிஃபை போல்ட் குவான்டிட்டி வித் டிசைன் டிராயிங்' என்று எழுத வேண்டும். ஆங்கிலத்தில் இடைவெளியோடு சேர்த்து 40 எழுத்து. டூல்பாருக்கு மவுஸை ஏற்ற 1.1, தட்ட 0.2, குறி போட வேண்டிய இடத்துக்கு மறுபடி இறக்க 1.1. அதற்குப் பதில் க்யூ விசையைத் தட்டினால் 0.2 நொடியில் கால்அவுட் கையில். மவுஸ் ஏற்கெனவே அந்த போல்ட் மேல்தான் நிற்கிறது. மிச்சம் 2 நொடிக்குச் சற்று மேல். நல்லதுதான். ஆனால் அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? கை கீபோர்டுக்குப் போகிறது, 40 எழுத்து அடிக்கிறது, திரும்பி வருகிறது. 0.4, 8, மறுபடி 0.4. கூட்டினால் 8.8 நொடி. வாக்கியத்தை எப்படி அமைப்பது என்று தயங்கினால் இன்னும் 1.35 நொடி. நிறமோ எழுத்தின் அளவோ அலுவலக வழக்கப்படி இல்லையென்றால் ப்ராப்பர்ட்டீஸ் பேனலுக்கு ஒரு நடை.

ஆக, க்யூ விசை மிச்சம் பிடிப்பது இரண்டு நொடி. எழுதி வைத்த வாக்கியம் மிச்சம் பிடிப்பது அதைப்போல நாலு மடங்குக்கு மேல். எந்தக் கருவி என்பதைச் சீக்கிரம் எடுப்பதைவிட, அந்தக் கருவிக்குள் என்ன நிரப்பி வைத்திருக்கிறோம் என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஷார்ட்கட் பட்டியலை அச்சடித்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அதற்காக எழுத்து விசைகளைத் தள்ளிவிட முடியாது. ரெவ்யூவின் முன்னிருப்பு விசைகள் நினைவில் நிற்கும்படிதான் இருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்து: கிளவுடுக்கு சி, ஆரோவுக்கு ஏ, ரெக்டாங்கிளுக்கு ஆர், டெக்ஸ்ட் பாக்ஸுக்கு டி, லைனுக்கு எல், பேனாவுக்கு பி, ஹைலைட்டுக்கு எச், நோட்டுக்கு என். கிளவுடும் கால்அவுட்டும் சேர்ந்து வரும் கிளவுட் பிளஸுக்கு கே. கன்ட்ரோல், ஷிஃப்ட் எதுவும் வேண்டாம்; ஒற்றைத் தட்டு போதும். அக்ரோபேட்டில் ஒற்றை விசை வசதியை ப்ரிஃபரன்சஸில் போய்த் தேடி இயக்க வேண்டும். இங்கே பெட்டியிலிருந்து எடுத்ததுமே தயார்.

குறை எங்கே என்றால், பெயரின் முதல் எழுத்து மூளைக்கு வசதி, கைக்கு அல்ல. செக்கரின் வலது கை மவுஸைப் பிடித்திருக்கிறது. இடது கைதான் கீபோர்டில் இருக்கிறது. இடது கைக்கு நகராமல் எட்டுவது கீபோர்டின் இடப்பாதி. க்யூ, ஆர், டி, ஏ, சி எல்லாம் அங்கே இருப்பதால் கவலையில்லை. எச், கே, எல், என், பி ஐந்தும் வலப்பாதியில். செக்கருக்கு அதிகம் வேண்டியதே ஹைலைட்டும் கிளவுட் பிளஸும். ஒன்று, இடது கையை கீபோர்டின் குறுக்கே நீட்ட வேண்டும். இல்லையென்றால் வலது கை மவுஸை விட வேண்டும். மவுஸை விட்டால் போக 0.4, வர 0.4 என்று ஷார்ட்கட்டின் லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே கரைகிறது. வெட்டு, நகல், ஒட்டு மூன்றுக்கும் எக்ஸ், சி, வி என்று இடப்பாதியில் பக்கத்துப் பக்கத்து விசைகள் இருப்பதால், வலது கை மவுஸை விடாமல் இடது கையே அவற்றைத் தட்டிவிடுகிறது. அந்த ஞானம் பல பொறியியல் மென்பொருள்களுக்கு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. இடக்கைக்காரர்கள் பாடு இதற்கு நேர்மாறு. மவுஸை இடது கையில் பிடிப்பவருக்கு கே, எல், பி எல்லாம் வரப்பிரசாதம்.

இதற்கு மருந்து ரெவ்யூவுக்குள்ளேயே இருக்கிறது. ரெவ்யூ மெனுவில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்ற சாளரம். கட்டளைகள் வகை வகையாக அடுக்கியிருக்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, அதற்கான புது விசையைக் கொடுத்துவிடலாம். பல விசைகளுக்கும் ஏற்கெனவே சொந்தக்காரர் இருப்பார். ஆகவே யாரை வெளியேற்றுவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். எலிப்ஸ் போடும் இ விசை, டைப்ரைட்டருக்கான டபிள்யூ விசை இரண்டும் இரும்பு செக்கிங்கில் ஏறக்குறைய சும்மாதான் கிடக்கின்றன. டபிள்யூவைக் கிளவுட் பிளஸுக்குக் கொடுத்தேன். இ விசையை அளவு எடுக்கும் கருவிக்குக் கொடுத்தேன். அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உற்சாகத்தில் பத்துப் பதினைந்து விசைகளை மாற்றி வைத்தால், பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஒரு தாளைப் பார்க்க நேரும்போது விரல்கள் திருதிருவென முழிக்கும்.

அளவு எடுக்கும் கருவி என்றதும் தமிழ் தட்டச்சும் பழகும் நம்மவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு தொல்லை நினைவுக்கு வருகிறது. ரெவ்யூவில் அளவைக் கருவிகளின் விசைகள் ஷிஃப்ட், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஓர் எழுத்தைத் தட்டுவது, நீளத்துக்கு எல். விண்டோஸில் தமிழ் விசைப்பலகையும் சேர்த்து வைத்திருந்தால், இடது ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்தாலே மொழி மாறும் என்பது அதன் பழைய வழக்கம். எழுத்தைத் தட்டுமுன் விரல் எடுபட்டுப்போனால் அளவு வராது, மொழி மாறிவிடும். அதற்குப்பின் டெக்ஸ்ட் பாக்ஸில் அமெரிக்க எஞ்சினியருக்கு எழுதும் குறிப்பு தமிழில் விழ ஆரம்பிக்கும். விண்டோஸின் கீபோர்டு அமைப்புகளில் மொழி மாற்றும் விசையை நீக்கிவிட்டு, விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து மாற்றிக்கொள்வது ஒரே நிரந்தரத் தீர்வு. ரெவ்யூவை முதன்முதலில் நிறுவும் நாளிலேயே இதைச் செய்துவிடலாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். டூல் செஸ்ட்.

ஆல்ட்டும் எக்ஸும் தட்டினால் அந்தப் பேனல் திறக்கும். தாளில் நாம் போட்ட எந்த மார்க்கப்பையும் வலது சொடுக்கு செய்து, ஆட் டு டூல் செஸ்ட், மை டூல்ஸ் என்று அனுப்பினால் அது ஒரு கருவியாகிவிடும். நிறம், கோட்டின் தடிமன், எழுத்துரு, எழுதிய வாக்கியம், சப்ஜெக்ட் என்ற தலைப்பு எல்லாம் அதோடு போய்ச் சேரும். மை டூல்ஸ் தொகுப்புக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: அதில் உள்ள கருவி எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த எண்ணே அதன் ஷார்ட்கட். முதல் கருவிக்கு 1, இரண்டாவதுக்கு 2. எண்ணைத் தட்டினால் கருவி கையில்.

ஒன்றிலிருந்து ஐந்து வரை இடது கைக்குள் வருகிறது. ஆகவே மை டூல்ஸின் முதல் ஐந்து இடங்களும் செக்கரின் சொத்து. என் வரிசை இது. ஒன்றில் மஞ்சள் ஹைலைட், அளவு எழுத்தின் உயரத்துக்குத் தக்க அகலத்தில். ஒரே இழுப்பில் ஒரு டைமென்ஷன் மூடும்; பக்கத்து எண்ணைத் தொடாது. இரண்டில் சிவப்புக் கால்அவுட், உள்ளே ஒன்றும் எழுதாமல், முன்பின் தெரியாத பிழைகளுக்கு. மூன்றில் வெல்டு. நான்கில் போல்ட். ஐந்தில் நீலக் கிளவுட். டீட்டெய்லருக்கு அல்ல, வடிவமைப்பாளரிடமே கேட்க வேண்டிய ஆர்.எஃப்.ஐ. சங்கதிகளுக்கு. ஹைலைட்டின் எச் விசை வலப்பாதியில் இருக்கிறதே என்ற குறை இத்தோடு தீர்ந்தது. ஒன்றாம் விசையில் மஞ்சள் இருக்கும்போது எச் யாருக்கு வேண்டும்?

மூன்றாம் கருவியை எப்படிச் செய்வது என்று மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றவை அதே வழி. ஏதாவது ஒரு தாளில் கால்அவுட் ஒன்று போடுங்கள். அதில் 'வெல்ட் சைஸ் மிஸ்ஸிங்' என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். கோடு சிவப்பு, எழுத்து சிவப்பு. பெட்டியின் உட்புறத்தை வெள்ளை நிரப்பாமல் விடுங்கள். நிரப்பினால் அடியில் இருக்கும் அளவு மறைந்துபோகும், மஞ்சள் பூச வேண்டிய எண்ணை நாமே மூடியவர்களாவோம். எழுத்தளவை நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் தாளுக்குத் தக்கபடி வையுங்கள். 24க்கு 36 அங்குல அமெரிக்கத் தாளில் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிவது, 11க்கு 17 அங்குலத் தாளில் பாதி விவரத்தை விழுங்கிவிடும். கடைசியாக ப்ராப்பர்ட்டீஸ் பேனலில் சப்ஜெக்ட் என்ற கட்டத்தில், 'கால்அவுட்' என்று ரெவ்யூ தானாகப் போட்டிருப்பதை அழித்துவிட்டு 'வெல்டு' என்று எழுதுங்கள். பிறகு வலது சொடுக்கு, மை டூல்ஸ்.

இந்தச் சப்ஜெக்ட் கட்டத்தை யாரும் மதிப்பதில்லை. ஆல்ட்டும் எல்லும் தட்டினால் வரும் மார்க்கப்ஸ் லிஸ்டைத் திறந்து பாருங்கள். சாதாரணமாகப் போட்ட தாளில் அது 'கால்அவுட், கால்அவுட், கிளவுட், கால்அவுட்' என்று அர்த்தமில்லாமல் அடுக்கிக்கொண்டே போகும். சப்ஜெக்ட் வைத்துச் செய்த கருவிகளால் போட்ட தாளில் அதே பட்டியல் வெல்டு, போல்ட், கோப், ஹோல் டயா என்று பிழைகளின் கணக்குப் புத்தகமாகிவிடும். சப்ஜெக்டால் வரிசைப்படுத்தினால் எந்த வகைப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒரே பார்வையில் தெரியும். அதை சி.எஸ்.வி. கோப்பாக எக்செலுக்கு அனுப்பலாம், பி.டி.எஃப். சுருக்கமாகவும் எடுக்கலாம். டீட்டெய்லர் ஒவ்வொன்றையும் திருத்திவிட்டு ஸ்டேட்டஸில் கம்ப்ளீட்டட் என்று குறித்துக் கொடுத்தால், பேக் செக் பார்ப்பவர் மிச்சம் இருப்பதை மட்டும் வடிகட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நொடிக்கணக்கில் வருவது செக்கரின் லாபம். இது டீம் லீடரின் லாபம், மணிக்கணக்கில் வருவது. ஒரு விசைத் தட்டலுக்குள் இரண்டும் அடங்கிவிடுகின்றன.

டூல் செஸ்டில் பலரையும் குழப்புவது அதன் இரு நிலைகள். ஒவ்வொரு கருவியும் ப்ராப்பர்ட்டீஸ் மோடில் இருக்கும், அல்லது டிராயிங் மோடில் இருக்கும். கருவியின் படத்தை இருமுறை சொடுக்கினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். ப்ராப்பர்ட்டீஸ் மோடில் கருவியின் தோற்றம் மட்டும் வரும். வடிவத்தை நாம் வரைய வேண்டும். மஞ்சள் ஹைலைட், நீலக் கிளவுட், வெற்றுக் கால்அவுட் எல்லாம் இந்த நிலையில்தான் இருக்க வேண்டும். டிராயிங் மோடில், வைத்திருந்த மார்க்கப் எழுத்தோடும் அளவோடும் அச்சாக அப்படியே வந்து விழும். வெல்டு, போல்ட் வாக்கியங்களுக்கு இது. இதை மாற்றி வைத்துவிட்டால் விபரீதம்: மூன்றைத் தட்டினால் வெறும் பெட்டி வரும், ஐந்தைத் தட்டினால் முன்பு எங்கோ சுற்றிய அதே பெரிய மேகம் சம்பந்தமில்லாத இடத்தில் குந்தும். இருமுறை சொடுக்கு என்பது யாருடைய விரலும் தெரியாமல் செய்யக்கூடிய காரியம். இவ்வளவு பெரிய மாற்றத்தை அதில் கட்டி வைத்திருக்க வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய குறை, எண் என்பது கருவியோடு பிறந்த பெயராக இல்லாமல் வரிசையில் அதன் இடமாக இருப்பது. மை டூல்ஸின் இரண்டாம் கருவியை நீக்கினால் மூன்று இரண்டாகும், நான்கு மூன்றாகும். விரல்கள் பழைய எண்ணிலேயே நிற்கும். ரேஷன் கடை வரிசையில் முன்னால் ஒருவர் விலகினால் எல்லாரும் ஒரு படி நகர்வதுபோல இங்கேயும் நகர்ந்துவிடுகிறார்கள். கடைக்காரர் கையில் பழைய பட்டியல். ஆகவே முதல் ஐந்தை ஒருமுறை யோசித்து வைத்துவிட்டால் பிறகு தொடக்கூடாது. புதுக் கருவி எது வந்தாலும் வால்பக்கம்தான். ஒரு ப்ராஜெக்டில் போல்ட் கருவிக்கு வேலையே இல்லையென்றாலும் அந்த இடத்தை வேறு எதாலாவது நிரப்புங்கள், வெறுமையாக்காதீர்கள்.

டூல் செஸ்டில் நாம் செய்யும் மற்றத் தொகுப்புகளுக்கு இந்த எண் சலுகையும் கிடையாது. ஷார்ட்கட் சாளரத்தில் கட்டளைகளுக்கு விசை கொடுக்கலாம். குறிப்பிட்ட ஒரு சொந்தக் கருவியைப் பிடித்து அதற்குப் பிடித்த எழுத்தைக் கொடுப்பது நடக்காது. வெல்டுக்கு டபிள்யூ என்று வைக்க ஆசைப்பட்டால் ஆசையோடு நிற்க வேண்டியதுதான். இத்தனை ஆண்டு வளர்ந்த மென்பொருளில் இந்த ஒரு பாலத்தை ஏன் போடாமல் விட்டார்கள் என்பது விளங்கவில்லை. போட்டிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்பட்டிருக்காது.

சின்னச் சின்ன விசைகள் சில, பெயர் சொல்லிவிட்டுப் போகிறேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றும் சேர்ந்தால் ஃபார்மட் பெயின்டர்; ஒரு மார்க்கப்பின் தோற்றத்தை இன்னொன்றுக்கு ஏற்றும். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி சேர்ந்தால் நகலெடுத்தது அடுத்த பக்கத்தில் அதே இடத்தில் ஒட்டும். எல்லாத் தாளிலும் டைட்டில் பிளாக்கில் ஒரே பிழை இருக்கும்போது இதற்கு ஈடு கிடையாது. கருவி ஒரு குறி போட்டதும் கையை விட்டுப் போகாமல் இருக்க ப்ரிஃபரன்சஸில் ரீயூஸ் என்ற தேர்வு இருக்கிறது. ஹைலைட்டுக்கு அதைப் போட்டு வையுங்கள், வாக்கியக் கருவிகளுக்கு வேண்டாம். கருவியை விட எஸ்கேப். ஃபிளாட்டன் விசையான கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மட்டும் கை தவறி விழக்கூடாத விசை. அது கேட்கும் சாளரத்தில் பிறகு பிரித்தெடுக்க அனுமதிக்கும் தேர்வு ஒன்று உண்டு, அது இயங்குகிறதா என்று பார்த்துவிட்டுச் சரி கொடுங்கள்.

ஒற்றை விசைகளுக்கே உரிய ஆபத்தும் உண்டு. பெட்டிக்குள் எழுதிக்கொண்டிருப்பதாக நினைத்து வேகமாக அடிப்போம். கர்சர் பெட்டிக்கு வெளியே இருக்கும். ஒவ்வோர் எழுத்தும் ஒரு கருவியைக் கூப்பிடும். ஒரே விசை இரண்டு நிலையில் இரண்டு வேலை செய்யும் எந்த மென்பொருளிலும் இது வரும். ஜெராக்ஸ் பார்க்கில் வெட்டி ஒட்டும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர், இப்படி நிலை மாறும் மென்பொருள்களை எதிர்த்தே தொழில் வாழ்க்கையைக் கழித்தவர். தன் காரின் நம்பர் பிளேட்டில்கூட 'நோ மோட்ஸ்' என்று போட்டுக்கொண்டார். அவர் வந்து பார்த்தால் ரெவ்யூவுக்குப் பாஸ் மார்க் போடமாட்டார். ஆனால் தாள் தாளாகப் பார்ப்பவனுக்கு ஒற்றைத் தட்டின் சுகம் அந்த ஆபத்தைவிடப் பெரிது.

சந்தா கட்ட முடியாதவர்கள், கட்டத் தேவையில்லாதவர்கள் என்ன செய்வது? கனடா நிறுவனம் ஒன்றின் பி.டி.எஃப். எக்ஸ்சேஞ்ச் எடிட்டரில் விசைகளை விருப்பப்படி மாற்றலாம். குறிகளின் பாணிகளைச் சேமித்து வைக்கும் பலகையும் உண்டு. மாதத்துக்குச் சில தாள் பார்க்கிற சிறு அலுவலகத்துக்கு அது தாராளம். அக்ரோபேட் மட்டுமே இருக்கிறது என்றால் ஆட்டோஹாட்கீ என்ற இலவசச் சிறு நிரலை நாடலாம். விண்டோஸில் எந்த மென்பொருளிலும் வேலை செய்யும். ஒரு சுருக்கக் குறியை அடித்தால் முழு வாக்கியமாக விரிக்கும். மேலே கணக்குப் போட்ட அந்த 8 நொடியை இதுவே பெரும்பாலும் மீட்டுத் தந்துவிடும். நிறமும் சப்ஜெக்டும் தராது, அவ்வளவுதான். சில நிறுவனங்களின் ஐ.டி. துறை அதை அனுமதிப்பதில்லை; கேட்டுவிட்டு நிறுவுங்கள். ரெவ்யூவோடும் இது ஒத்துப்போகும். ஐந்துக்கு மேற்பட்ட வாக்கியங்களை மை டூல்ஸில் திணிக்காமல், இரண்டாம் விசையின் வெற்றுக் கால்அவுட்டைப் போட்டு, உள்ளே இரண்டெழுத்துச் சுருக்கம் அடித்து விரித்துக்கொள்வது இப்போதைக்கு எனக்குத் தெரிந்த நல்ல கூட்டணி.

பன்னிரண்டு பொத்தான் உள்ள கேமிங் மவுஸ் வாங்கி, எண்களை அதற்குக் கொடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பார்க்க ஆடம்பரமாகத் தெரியலாம். வலது கட்டை விரலிலேயே மஞ்சளும் சிவப்பும் இருப்பதால் இடது கைக்கு வேலையே இல்லாமல்போகிறது. ஒரு கையில் காபி டம்ளரோடு செக் பண்ணலாம். மணிக்கட்டு வலி உள்ளவர்கள் மட்டும் யோசித்து வாங்கவும், அந்த மவுஸ்கள் கனமானவை.

அலுவலகம் முழுக்கப் பொதுவாக ஒரு தொகுப்பு வேண்டும் என்றால், டூல் செஸ்டில் தனித் தொகுப்பாகச் செய்து, பி.டி.எக்ஸ். கோப்பாக ஏற்றுமதி செய்து, நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்து எல்லாரையும் அங்கிருந்தே இறக்கிக்கொள்ளச் சொல்லலாம். அந்தக் கோப்பில் எழுதும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். இல்லையென்றால் 'வெல்டு', 'வெல்டிங்', 'வெல்ட் சைஸ்' என்று ஒரே பிழைக்கு மூன்று சப்ஜெக்ட் முளைத்து, மார்க்கப்ஸ் லிஸ்டின் கணக்கு குழம்பிவிடும். மை டூல்ஸை இந்தப் பொதுத் தொகுப்போடு கலக்க வேண்டாம். பொதுவில் இருப்பதிலிருந்து தனக்கு வேண்டிய ஐந்தை எடுத்து, தன் விரல் பழகிய வரிசையில் வைத்துக்கொள்வது ஒவ்வொரு செக்கரின் சொந்தப் பாடு. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் ஐந்தையும் முதல் நாளே நிரப்பச் சொல்லாதீர்கள். மஞ்சளும் வெற்றுச் சிவப்பும் மட்டும் கொடுங்கள். ஒரு ப்ராஜெக்ட் முடிந்ததும் அவர் போட்ட மார்க்கப்ஸ் லிஸ்டை எக்செலில் எடுத்துப் பார்த்தால், எந்த மூன்று வாக்கியங்களை அவர் அலுக்காமல் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார் என்று தெரியும். மூன்று, நான்கு, ஐந்துக்குப் போக வேண்டியவை அவைதான்.